அடுப்புக்கும் வெந்நீருக்கும் அரசு எவ்வளவு தருகிறது?

நம் ஊர் பாடாலூரில் வீட்டைச் சூடாக்க யாரும் காசு செலவழிப்பதில்லை. மார்கழி விடியலுக்கு ஒரு கம்பளி போதும். சித்திரையில் அதே வீட்டில் உட்கார முடியாது. நமக்குச் சூடு வேண்டிய இடம் அடுப்படியும் வெந்நீர் அண்டாவும்தான். அங்கே இன்று எரிவது சிலிண்டர் கேஸ். அதோடு காட்டோரத்தில் வெட்டிய சீமைக்கருவேல முள்ளும், பருத்தி எடுத்து முடிந்ததும் பிடுங்கிப் போட்ட மாரும், உதிர்த்து முடித்த மக்காச்சோளச் சக்கையும் சேரும். இதைவிடக் கரி குறைவான வழிக்கு மாற அரசு பணம் தருகிறதா என்று கேட்டால், தருகிறது. ஆனால் அடுப்பை மாற்ற மானியம் என்று பலகை மாட்டிய திட்டம் எதுவும் கிடையாது. பெட்ரோலிய அமைச்சகத்திடம் ஒன்று, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்திடம் இரண்டு என்று பிரிந்து கிடக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மாட்டுக்கொட்டகையும் கரண்ட் பில்லும்தான் முடிவு செய்யும்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் பேச்சுவாக்கில் ஒரு மானியத்தைச் சொல்லியிருப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 மே மாதம் முதல் நடக்கும் திட்டம் அது. வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் பொருத்தினால் முதலில் 5,000 பவுண்டு கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் அதை 7,500 ஆக்கினார்கள். ஹீட் பம்ப் என்பது ஃபிரிட்ஜ் செய்யும் வேலையைத் திருப்பிச் செய்யும் இயந்திரம்: வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும். இயந்திரம் நமக்கு வேண்டாம். பணம் கைமாறும் விதம் மட்டும் கவனிக்கத் தக்கது. அங்கே பொருத்துகிற கம்பெனியே மானியத்துக்கு விண்ணப்பித்து, அதைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் பில் போடும். இங்கே பெரும்பாலும் முழுப் பணத்தையும் முதலில் நாம் புரட்ட வேண்டும்; வேலை முடிந்து, ஆள் வந்து பார்த்துப் போன பிறகே மானியம் பாஸ்புக்கில் ஏறும். கையில் பணம் இல்லாதவருக்கு மானியம் எட்டாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

மாடு இருக்கும் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அதிகம் பேசப்படாததும், என் கணக்கில் நம் பக்கத்துக்கு மிகவும் பொருந்துவதும் சாண எரிவாயுதான். ஊரில் இதைக் கோபர் கேஸ் என்பார்கள். பெரியவர்களுக்குப் பழக்கமான பெயர். மத்திய அரசு 1981-82இல் தேசியத் திட்டமாகவே இதைத் தொடங்கியது. நாடு முழுக்க 50 லட்சம் கலன்கள் கட்டப்பட்டதாகக் கணக்கு உண்டு. அவற்றில் பல இன்று குப்பைக்குழிகளாகிவிட்டன என்பதும் ஊர் அறிந்ததுதான். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை செய்யும் முறை எளிது. சாணியையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து, காற்றுப் புகாத கலத்தில் விட்டால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவை விடும். அதில் பாதிக்கும் மேல் மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. ஒரு கிலோ பச்சைச் சாணியிலிருந்து ஏறத்தாழ 40 லிட்டர் வாயு வரும். ஐந்து பேர் உள்ள வீட்டில் இரண்டு வேளை சமைக்க நாளைக்கு ஒன்றரை கன மீட்டர் வாயு வேண்டும் என்பதால், 2 கன மீட்டர் கலன் சரியாக இருக்கும். அதற்கு தினம் 50 கிலோ சாணி தேவை. நாட்டு மாடு என்றால் நாலைந்து வேண்டும்; மேய்ச்சலுக்குப் போய்வந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் பாதிச் சாணி காட்டிலேயே போய்விடும். கொட்டகையில் கட்டித் தீனி போடும் கலப்பினப் பசு என்றால் மூன்று போதும். சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற எத்தனையோ வீடுகளில் இந்தக் கணக்கு ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு கன மீட்டர் வாயு ஏறத்தாழ 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். 2 கன மீட்டர் கலன் முழுத்திறனோடு ஓடினால் மாதம் 26 கிலோ ஆகிறது. காகிதக் கணக்கு இது. சாணி குறையும் நாளும், கரைக்க ஆள் இல்லாத நாளும் கழிந்து பாதி கிடைத்தாலே மாதம் ஒரு சிலிண்டர் மிச்சம்.

மானியத்துக்கு வருவோம். 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தின்படி, 1 கன மீட்டர் கலனுக்குப் பொதுப் பிரிவினருக்கு 9,800 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 17,000 ரூபாய். 2 முதல் 4 கன மீட்டர் வரை பொதுப் பிரிவுக்கு 14,350, பட்டியல் பிரிவுக்கு 22,000. கட்டுமானச் செலவில் இது ஒரு பகுதிதான். செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி விற்கும் விலையில் மீதி நம் கைக்காசு. அந்தத் திட்டத்துக்கு 2025-26 நிதியாண்டு வரைதான் காலம் வகுத்திருந்தார்கள். ஆகவே குழி வெட்டும் முன் ஆலத்தூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், நடப்பு ஆண்டுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டு, ஒப்புதலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி முடித்துவிட்டுப் போனால் பணம் வரும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எந்த மாதிரி கட்டுவது? இரும்புத் தொட்டி மேலும் கீழும் மிதக்கும் பழைய காதி ஆணைய மாதிரியைப் பலர் பார்த்திருப்பீர்கள். தொட்டி துருப்பிடிக்கும், வருடா வருடம் பெயின்ட் கேட்கும். 1980களில் வந்த தீனபந்து மாதிரியில் இரும்பே இல்லை. முழுவதும் மண்ணுக்குள் புதைந்த செங்கல் குவிமாடம். செலவு குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் குவிமாடம் பூசும் கொத்தனாருக்குக் கை பழகியிருக்க வேண்டும். மயிரிழை விரிசல் விட்டாலும் வாயு நிற்காது. வீடு கட்டுகிற கொத்தனாரை வைத்தே முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. பயிற்சி எடுத்தவரைத் தேடுங்கள். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் தயாராக வரும் ஃபைபர் கலன் மேல்.

கலனை அடுப்படிக்குக் கிட்டே வையுங்கள். குழாய் நீண்டால் அழுத்தம் குறையும், உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும். குடிநீர்க் கிணற்றிலிருந்து மட்டும் நல்ல தூரம் தள்ளியிருக்கட்டும். முதல் தடவை நிரப்ப இரண்டு டன் அளவுக்குச் சாணி வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் வாயு ஊறும். முதலில் வருவது சரியாக எரியாது, காற்றும் கலந்திருக்கும். அதைத் திறந்து வெளியே விட்டுவிட்டு அடுத்த நிரப்பிலிருந்து பற்ற வைக்கலாம். சிலிண்டர் அடுப்பில் இது சரியாக எரியாது. கோபர் கேஸுக்கென்றே அகன்ற துளையோடு வரும் பர்னர் வாங்க வேண்டும்.

நம் ஊர் வெயில் இந்த இடத்தில் ஒரு வரம். உள்ளே 35 டிகிரிச் சூடு இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். வட மாநிலத்துக் குளிரில் மாதக்கணக்கில் வாயு குறைந்து போகிற தொல்லை நமக்கு இல்லை. கார்த்திகை மார்கழியில் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான்.

பிறகு ஏன் இத்தனை கலன்கள் செத்தன? தினமும் சாணி கரைக்கும் வேலை பெண்கள் தலையில் விழுந்தது. அதே சமயம் சிலிண்டர் வீட்டு வாசலுக்கு வந்தது. 2006க்குப் பின் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பும் கொடுத்தது. டிராக்டர் வந்து உழவு மாடு போனது. ஆழ்குழாய் வற்றுகிற கோடையில் தினம் 50 லிட்டர் தண்ணீரைச் சாணிக்கு ஊற்ற மனம் வரவில்லை. இதில் எதுவும் தொழில்நுட்பத்தின் குற்றமல்ல. கரைக்கும் வேலையை வீட்டில் யார் செய்வார் என்று முதலில் பேசி முடித்துவிட்டு விண்ணப்பம் போடுகிறவர் தப்பித்துக்கொள்வார். கொட்டகை கழுவும் தண்ணீரையே கரைக்கப் பயன்படுத்தினால் தண்ணீர்ப் பிரச்சினையும் பாதி தீரும்.

வாயுவைவிட விவசாயிக்கு அதிக லாபம் தருவது வெளியே வரும் கரைசல்தான் என்பது என் கட்சி. அதில் தழைச்சத்து வீணாவதில்லை, நாற்றமும் ஈயும் இல்லை, களை விதைகளும் பெரும்பாலும் முளைக்கும் திறனை இழந்திருக்கும். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவருக்கும் மக்காச்சோளக்காரருக்கும் இதன் அருமை தெரியும். எருக்குழியில் கொட்டி வைத்த சாணி மட்கும்போது மீத்தேன் காற்றில் கலக்கிறது. நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கலனில் அதைப் பிடித்து எரித்துவிடுகிறோம். அதனாலேயே வாயு கசியும் கலனை ரிப்பேர் செய்யாமல் விடுவது எருக்குழியைவிட மோசம்.

மாடு இல்லாத வீட்டுக்கு மொட்டை மாடி.

மாடியில் சோலார் பலகை வைக்க மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 பிப்ரவரி 29 அன்று ஒப்புதல் கொடுத்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு; 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு; 2026-27 வரை காலம். ஒரு கிலோவாட் சோலாருக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. அதற்கு மேல் எத்தனை பலகை வைத்தாலும் மானியம் கூடாது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். நம் வெயிலுக்கு அது நாளைக்கு ஏறத்தாழ நாலு யூனிட் கொடுக்கும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டிய வீட்டில் கான்கிரீட் கூரை 300 சதுர அடி என்பதால் இரண்டு கிலோவாட் தாராளமாக உட்காரும். தண்ணீர்த் தொட்டி நிழலை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இது விளக்குக்கும் ஃபேனுக்கும் ஆன திட்டம்தானே, அடுப்புக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் சோலார் மானியத்துக்கு அர்த்தம் வருவதே அடுப்பைச் சேர்க்கும்போதுதான் என்பேன். கணக்கைப் பாருங்கள்.

இரண்டு மாதத்துக்கு 220 யூனிட் ஓட்டும் ஒரு சிறு குடும்பம். 2016லிருந்து முதல் 100 யூனிட்டுக்குக் காசு இல்லை. 2024 ஜூலைக் கட்டணப்படி அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதமும், 200க்கு மேல் 4.70 வீதமும் போட்டால் மொத்த பில் 329 ரூபாய். இந்த வீட்டில் சோலார் வைத்தால் வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்தான் மிச்சம். மானியம் போகக் கைக்காசாக அறுபதாயிரம் போட்டால்கூட அது திரும்பி வர முப்பது வருடம் ஆகும். கம்பெனி ஆள் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்.

அதே வீடு சமையலை மின்னடுப்புக்கு மாற்றினால் கதை மாறுகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று கொடுக்கும் சமையலை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்ய ஏறத்தாழ 125 யூனிட் வேண்டும். நாற்பது நாளுக்கு ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை. அதாவது 190 யூனிட் கூடுகிறது. மொத்தம் 410. இரண்டு கிலோவாட் சோலார் இரண்டு மாதத்தில் 480 யூனிட் வரை கொடுக்கும். பழைய கரண்ட் பில் 329, சிலிண்டர் 900 என்று வைத்தால் கேஸ் செலவு 1,350; இரண்டும் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 1,700 ரூபாய்க்குக் கிட்டே நிற்கிறது. வருடத்துக்குப் பத்தாயிரம். இரண்டு கிலோவாட்டுக்குச் சந்தையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லட்சம் வரை கேட்கிறார்கள். அறுபதாயிரம் மானியம் போக மீதி ஆறேழு வருடம் முதல் ஒன்பது வருடத்துக்குள் தேறிவிடும். பலகைக்கு ஆயுள் 25 வருடம். தோராயக் கணக்குதான், உங்கள் பில்லை வைத்துத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பெரிய குடும்பம், ஏசி, மோட்டார் என்று இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் வீடானால் அடுப்பை மாற்றாமலேயே சோலார் லாபம். அந்த வீட்டு பில் 2,900 ரூபாயைத் தொடும்.

சோலார் இல்லாமல் வெறும் இண்டக்‌ஷன் வாங்கினால்? பணத்தில் கொஞ்சம் மிச்சம் உண்டு, ஆனால் 500 யூனிட்டைத் தாண்டாத வரைதான். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் வரும் பில், 501ஆவது யூனிட்டில் சுமார் 240 ரூபாய் குதிக்கும், ஏனென்றால் கீழ்ப்படிக் கட்டணச் சலுகை அங்கே போய்விடுகிறது. கரிக்கணக்கில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் பிறக்கிறது; யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோ கரியமில வாயு. 125 யூனிட்டுக்கு 88 கிலோ. ஒரு சிலிண்டரை முழுக்க எரித்தால் வருவதோ 42 கிலோ அளவுதான். ஆகவே வெறும் மின்னடுப்பு பசுமை என்று விளம்பரத்தில் சொன்னால் அப்படியே விழுங்க வேண்டாம். மாடியில் சோலார் ஏறும்போதுதான் அது உண்மையாகும்.

சோலாரில் மறைத்துச் சொல்லப்படும் விஷயம் ஒன்று உண்டு. மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனின் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது. பேட்டரி தனிச் செலவு. அதனால் இண்டக்‌ஷனுக்கு மாறினாலும் ஒரு சிலிண்டரைக் கைவசம் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது வாசல் உஜ்வலா. 2016 மே மாதம் தொடங்கியது; ஏழைக் குடும்பத்துப் பெண் பெயரில் வைப்புத்தொகை இல்லாமல் கேஸ் இணைப்பு. 2021இல் வந்த இரண்டாம் கட்டத்தில் முதல் சிலிண்டரும் அடுப்பும் சேர்த்தே கொடுத்தார்கள். 2023 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் 300 ரூபாய் மானியம். வருடத்துக்கு 12 சிலிண்டர் என்றிருந்ததை 2025-26இல் ஒன்பதாகக் குறைத்தார்கள். மற்ற குடும்பங்களுக்கு 2020லிருந்தே கேஸ் மானியம் நம் பக்கத்தில் நின்றுபோய்விட்டது. கேஸும் பெட்ரோலிய எண்ணெயின் பிள்ளைதான், அதில் 60 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. ஆனாலும் மார் எரித்துப் புகையைக் குடிக்கும் வீட்டுக்கு இது பெரிய மாற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உஜ்வலா வீடுகள் 2024-25இல் சராசரியாக வருடத்துக்கு நாலரை சிலிண்டர்தான் வாங்கின என்பது அரசே சொன்ன கணக்கு. மீதி நாள் விறகு எரிகிறது. இணைப்புக்குக் கொடுத்த பணம் அடுப்பை மாற்றியது, பழக்கத்தை மாற்றும் அளவுக்கு நிரப்பும் விலை இறங்கவில்லை.

வெந்நீருக்கு மட்டும் தனி மானியம் இன்று இல்லை. மாடியில் வைக்கும் சோலார் வாட்டர் ஹீட்டருக்கு ஒரு காலத்தில் மத்திய அரசு கொடுத்தது, 2014இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மானியம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடலாம். கோடையில் நம் ஊர்த் தொட்டித் தண்ணீரே சுடும். மூன்று நான்கு மாதத் தேவைக்கு ஹீட்டரில் பணம் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; முதியவர்களோ கைக்குழந்தையோ உள்ள வீடு வேண்டுமானால் யோசிக்கலாம்.

சோலாருக்கு விண்ணப்பிக்க ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. சூர்ய கர் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பதிவு செய்து, அதே தளத்தில் பட்டியலிட்ட விற்பனையாளரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலுக்கு வெளியே வாங்கினால் மானியம் இல்லை. பலகையும் அதிலுள்ள சோலார் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். விலை குறைவு என்று இறக்குமதிப் பலகையை மாட்டிவிட்டால் அதற்கும் மானியம் கிடையாது, ஆகவே பில்லில் அந்த விவரத்தை எழுதி வாங்குங்கள். பொருத்தி முடித்ததும் மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்து இருவழி மீட்டர் வைப்பார்கள். அதன் பிறகு வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தால் முப்பது நாளுக்குள் பணம் ஏறவேண்டும் என்பது விதி. மூன்று கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் அரசு வங்கிகள் கடன் கொடுக்கின்றன. வட்டி வீட்டுக்கடனைவிடக் குறைவாகவே இருக்கும். முழுப் பணத்தையும் முதலில் புரட்ட முடியாதவருக்கு இதுதான் வழி. மானியம் வந்ததும் அதைக் கடனிலேயே கட்டிவிடுங்கள், வேறு செலவுக்குக் கை போய்விடும்.

நம் பக்கத்து விண்ணப்பங்கள் முட்டி நிற்பது பெரும்பாலும் பெயரில்தான். வீட்டு இணைப்பு இன்னும் காலமாகிவிட்ட அப்பா பெயரிலோ, எப்போதோ வீட்டை விற்றவர் பெயரிலோ இருக்கும். ஆதாரில் ஒரு பெயர், ஈபி அட்டையில் ஒரு பெயர், பாஸ்புக்கில் மூன்றாவது இனிஷியல். கம்பெனிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். பங்கு பிரிக்காத வீடு என்றால் அண்ணன் தம்பிகளிடம் மாடியைப் பற்றி எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. பலகை 25 வருடம் அங்கேதான் இருக்கப்போகிறது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மாடியும் இல்லை, கொட்டகையும் இல்லை. அவர் பெயரில் கேஸ் இணைப்பு எடுப்பது ஒன்றுதான் இப்போதைக்கு நடக்கக்கூடியது.